‘சர்வர் சரியில்லண்ணே’ என்று சொல்வதற்கு முன்: கேம் இணைப்புக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கோலாலம்பூர் செந்தூலில் சைபர் கஃபே வைத்திருந்த காலத்தில் என் வேலை சுலபம். இருபது கணினி, ஒரே சுவிட்ச், கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. பையன் ‘லேக்’ என்று கத்தினால் எழுந்து போய், அவன் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் கேபிளைச் சரியாகச் செருகிவிட்டு வந்தால் முடிந்தது. கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஃபோன் மட்டும் ஓயவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் அடித்தால் எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரியும்.

“அண்ணே, சர்வர் சரியில்லண்ணே.”

“சர்வர் சரியில்லன்னு உனக்கு யாருடா சொன்னா?”

“லேக் அடிக்குதுண்ணே!”

காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டரும் மருந்து எழுத மாட்டார். எத்தனை நாளாக, குளிரோடா, இரவிலா என்று கேட்பார். லேக்கும் அப்படித்தான். கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் நாலே நாலு: உங்கள் அறை, வீட்டுக்கு வரும் லைன், நடுவழி, அந்தப் பக்கத்து சர்வர். எது என்று தெரியாமல் ரவுட்டர் செட்டிங் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டு, எதை மாற்றினோம் என்பதே மறந்துபோய் என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் மூன்று பிங்

பிங் என்பது ஒரு சின்னத் தரவுத் துண்டு (பாக்கெட்) போய்த் திரும்ப ஆகும் நேரம். விண்டோஸ் தேடல் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. பிறகு இன்னொரு இடம் விட்டு, கழித்தல் குறியும் டி எழுத்தும். நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இதே போல இரண்டாவது கறுப்புத் திரையைத் திறந்து வீட்டுக்கு வெளியே இணையத்திலுள்ள 1.1.1.1 என்ற முகவரிக்கு ஓடவிடுங்கள். மூன்றாவது, கேமுக்குள்ளேயே தெரியும் பிங் எண். இரண்டையும் ஓடவிட்டபடி பத்து நிமிஷம் விளையாடுங்கள். லேக் அடித்த கணத்தில் வெளியே வந்து பாருங்கள்.

ரவுட்டர் திரையிலேயே எண் குதித்திருந்தால் கோளாறு உங்கள் அறைக்குள். ரவுட்டர் அமைதியாக இருந்து, 1.1.1.1 மட்டும் குதித்திருந்தால் லைன், அல்லது லைனை வீட்டில் யாரோ அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் அமைதி, கேம் மட்டும் குதிக்கிறது என்றால் நடுவழி அல்லது சர்வர். அப்போது வேண்டுமானால் சர்வரைத் திட்டலாம்.

கேபிளில் ரவுட்டருக்கு பிங் 1 மில்லிசெகண்டுக்குள் இருக்கும். வைஃபையில் 2 முதல் 5 வரை பரவாயில்லை. எப்போதாவது ஒரே ஒரு வரி 60 என்று காட்டினால் கவலை வேண்டாம். ரவுட்டருக்கு பிங்குக்குப் பதில் சொல்வது கடைசி வேலை. கை வேலையாக இருந்தால் தாமதமாகத்தான் சொல்லும். தொடர்ந்து குதிப்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

“உள்ளேயே போக மாட்டேங்குது”

கேம் கம்பெனியின் சர்வர் நிலைப் பக்கத்தை முதலில் பாருங்கள். பராமரிப்பு என்று போட்டிருந்தால் தே தாரிக் குடிக்கப் போகலாம். கேம் விற்கும் தளமான ஸ்டீமுக்கு வாராந்திரப் பராமரிப்பு அமெரிக்க மேற்குக்கரையின் செவ்வாய்க்கிழமைப் பிற்பகல். நமக்கு அது புதன்கிழமை காலை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து ஸ்டீமைத் திறக்கும் ஒரு தம்பி புதன்கிழமை தவறாமல் எனக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தான்.

சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது என்றால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துப் பாருங்கள். இதைவிடச் சுருக்கமான சோதனை எனக்குத் தெரியாது. ஹாட்ஸ்பாட்டில் உள்ளே போனால் வீட்டு லைனோ ரவுட்டரோ காரணம். அதிலும் போகவில்லை என்றால் கணினியோ கேமோ உங்கள் கணக்கோ காரணம். ரவுட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

கணினிப் பக்கம் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போனால், பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைத்துக்கொண்டு இணைப்பை மறுக்கும். திரையில் வருவது என்னவோ ‘இணைப்புத் தோல்வி’ என்ற வாசகம்தான். சி.ஆர். 2032 என்ற காசு அளவு பேட்டரி, பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்தது ஃபயர்வால். கேமை முதன்முறை திறந்தபோது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டிருக்கும்; அவசரத்தில் ரத்து பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அது ‘பிறகு பார்க்கலாம்’ ஆகாது. அந்த கேமுக்கு வரும் இணைப்பைத் தடு என்று விதியே எழுதிவைத்துவிடும். ஃபயர்வால் அனுமதிப் பட்டியலில் போய் கேமின் பெயருக்கு நேரே டிக் போடுங்கள். வேலரன்ட் ஆடுபவர்கள் விண்டோஸ் 11இல் ‘வேன் 9001’ என்ற பிழையைக் கண்டால் லைனைத் திட்ட வேண்டாம். அது டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கணினியின் பயாஸில் (தொடக்க அமைப்புத் திரையில்) இயக்கச் சொல்கிறது. இணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டு லைன் பக்கம் என்றால் ரவுட்டரை அணைத்து 30 வினாடி கழித்துப் போடுங்கள். அப்புறம் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 ஆக மாற்றிப் பார்க்கலாம். இது உள்ளே போக முடியாத நோய்க்கு மட்டும்தான் மருந்து. டி.என்.எஸ். என்பது வாசலில் நின்று முகவரி விசாரிக்கும் வேலை. வீட்டைக் கண்டுபிடித்து உட்கார்ந்த பிறகு அதற்கு அங்கே வேலையில்லை. மலேசியாவில் 2024 செப்டம்பரில், வெளி டி.என்.எஸ். கேள்விகளையெல்லாம் உள்நாட்டு நிறுவனங்களின் சர்வருக்கே திருப்பிவிடும் உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே கைவிடப்பட்டது. அந்த வாரம் ‘இதனாலதான்ணே என் பிங் ஏறிப்போச்சு’ என்று என்னிடம் சண்டைக்கே வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே ஏறும் பிங்குக்கு டி.என்.எஸ். காரணமே இல்லை.

அபூர்வமான ஒன்று: உள்நுழைவு வரை வருகிறது, அதற்குமேல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சில இணையப்பக்கங்களும் பாதியில் நிற்கின்றன. லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் சொந்தமாக ரவுட்டர் வாங்கி மாட்டியவர்களுக்கு வருவது இது. யூனிஃபை ஃபைபர் லைனில் இணையத்துக்கு பி.பி.பி.ஓ.ஈ. என்ற உள்நுழைவு முறை, வி.லேன் (லைனுக்குள் தனித்தடம்) எண் 500. இந்த முறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 அல்ல, 1492. ரவுட்டரில் அந்த எண்ணைப் போட்டால் சக்கரம் நிற்கும்.

“நல்லா போய்ட்டு இருக்கும், திடீர்னு தூக்கி வெளிய போடுது”

ஒரு தாளை எடுத்து, அறுந்த நேரத்தையெல்லாம் எழுதுங்கள். மூன்று நாள். இதைச் செய்யச் சொன்னால் பையன்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் அந்தத் தாள்தான் பேசும்.

சரியாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஏதோ ஒரு கடிகாரம் வேலை செய்கிறது. லைன் தன்னைத்தானே துண்டித்து மறுபடி டயல் செய்கிறது, அல்லது ரவுட்டரில் யாரோ தானியங்கி ரீஸ்டார்ட் வைத்திருக்கிறார்கள். ரவுட்டரை ஒருநாள் காலை ஆறு மணிக்கு அணைத்துப் போடுங்கள். லைன் தானாக அறுவதாக இருந்தால் அடுத்த நாளிலிருந்து அது ஆறு மணிக்கு நகர்ந்துவிடும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மழை பெய்யும்போது மட்டும் என்றால் வெளியே இணைப்புப் பெட்டியில் தண்ணீர் இறங்குகிறது; ஆள் வரத்தான் வேண்டும். வெயில் ஏறும் பிற்பகலில் மட்டும் என்றால் ரவுட்டரைத் தொட்டுப் பாருங்கள். டிவி டிகோடரின் தலைமேல் அதை உட்கார வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து வேகும். நேரங்காலம் இல்லாமல் ரவுட்டரின் எல்லா விளக்கும் அணைந்து மறுபடி எரிகிறதா? ரவுட்டரை மாற்றுவதற்கு முன் அடாப்டரை மாற்றுங்கள். அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர். கிள்ளான் பள்ளத்தாக்கின் சாயங்கால இடிக்கு முதலில் பலியாவதும் அடாப்டரும் கேபிள் துளையும்தான். இடி ஆரம்பித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது என் பழக்கம். ராங்க் ஆட்டம் நடுவில் என்றாலும் சரி.

சுவரிலிருந்து ஃபைபர் இழை வந்து சேரும் சின்னப் பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். பச்சை மூக்குள்ள அந்த இணைப்பி முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, இழை எங்காவது சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கி மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றி முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள்; வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

“பிங் 12 காட்டுது, திடீர்னு 400, மறுபடி 12”

என் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

ஒரு தைப்பூசத்துக்குப் பினாங்கில், ஜெலுத்தோங்கிலுள்ள அக்கா வீட்டில் இருந்தேன். தண்ணீர்மலைக்குப் போய்த் திரும்பி, சாப்பிட்டு, எல்லாரும் சாய்ந்திருந்த நேரம். அக்கா மகன் அறையிலிருந்து கத்தினான்.

“மாமா, இங்க வாங்களேன். 400 காட்டுது. சிங்கப்பூர் சர்வர் செத்துப்போச்சு!”

போய் இரண்டு கறுப்புத் திரையை ஓடவிட்டேன். ரவுட்டருக்கு 2. வெளியே 1.1.1.1க்கு 410, 395, 420. சர்வர் சாகவில்லை, வீட்டு வாசலிலேயே நெரிசல். கூடத்துக்கு வந்து பார்த்தால் டிவிக்குப் பக்கத்தில் நாலு கைப்பேசி வரிசையாக சார்ஜில் கிடக்கிறது. காலையிலிருந்து எடுத்த காவடி வீடியோ முழுவதும் 4கே. கைப்பேசி வைஃபையில் சேர்ந்து, சார்ஜும் போட்டாயிற்று என்றால் ‘இப்போதுதான் நல்ல நேரம்’ என்று அத்தனையையும் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்துவிடும். நாலு கைப்பேசியின் வைஃபையையும் அணைத்தேன். அறையிலிருந்து சத்தம் வந்தது: “ஆ, வந்துருச்சு மாமா! என்ன பண்ணீங்க?”

நடந்தது இதுதான். வெளியே போகும் வழி குறுகலாக இருந்தால் ரவுட்டர் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் வரிசையில் நிற்க வைக்கும். ஒரு மெகாபைட் வரிசையில் நிற்கிறது, மேலே ஏற்றும் வேகம் 20 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 20 மெகாபிட்) என்று வையுங்கள். ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். 20ஆல் வகுத்தால் 0.4 வினாடி. அதாவது 400 மில்லிசெகண்ட். நீங்கள் சுட்ட குண்டு அந்தக் காவடி வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. பத்துமலைப் படியில் தைப்பூசத்தன்று அவசரமாக ஏற நினைப்பவனின் கதி. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர்; ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு லைனிலேயே இதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்.

லைன் கம்பெனி விற்பனையாள் சொல்வது போல பெரிய பேக்கேஜ் எடுத்தால் தீருமா? கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனால் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரு எம்.பி.பி.எஸ். கூடத் தேவைப்படாது. வேகம் போதாமல் இல்லை, வரிசை முறை சரியில்லை. ரவுட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்த எஸ்.கியூ.எம். என்றோ கியூ.ஓ.எஸ். என்றோ ஒரு பகுதி இருக்கிறதா பாருங்கள். கேபிளில் வேகத்தை அளந்து, மேலே ஏற்றும் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை உச்சவரம்பாகக் கொடுங்கள். அப்போது வரிசை உங்கள் ரவுட்டரின் கையில் இருக்கும். அது சின்னப் பாக்கெட்டுகளுக்கு வழிவிடும். அங்கே எஃப்கியூ-கோடெல், கேக் என்று வரிசை முறையின் பெயர் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. மென்பொருள் ஏறும் ரவுட்டர்களில் இவை உண்டு. அந்த வசதி எதுவும் இல்லாத ரவுட்டரா? கைப்பேசிகளின் தானியங்கி ஏற்றத்தை அதிகாலைக்குத் தள்ளுங்கள், அல்லது அம்மாவிடம் கெஞ்சுங்கள்.

இனி, ரவுட்டர் திரையிலேயே எண் குதிக்கிறதா? அப்போது வைஃபை. கோலாலம்பூர் அடுக்குமாடி ஒன்றில் கைப்பேசியைத் திறந்தால் முப்பது வீட்டு வைஃபை தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. முப்பது வீடும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கிறது. நடுவில் யாராவது புத்திசாலித்தனமாக 3ஆம் சேனலில் வைத்தால் 1, 6 இரண்டையும் சேர்த்துக் கெடுப்பார். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 வட்டாரத்தில்தான் வேலை செய்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் தாளை எழுதவைத்துப் பார்த்தபோது, தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டு நிமிஷம் மட்டும் ஆட்டம் அறுந்தது. பாட்டி பால் சூடு பண்ணும் நேரம்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். சுவர் தாண்டும் சக்தி குறைவு என்பதே இங்கே வரம்: பக்கத்து வீட்டுச் சத்தமும் தாண்டி வராது. சேனலை 36 முதல் 48க்குள் வையுங்கள். 52இலிருந்து 144 வரை உள்ளவை ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. ரேடார் அலை காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே அந்த சேனலைக் காலி செய்யும். மாறிப்போகும் சேனலும் அதே ரகம் என்றால் குறைந்தது ஒரு நிமிஷம் சும்மா காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் உங்கள் அணி உங்களை ரிப்போர்ட் செய்திருக்கும்.

இதையெல்லாம் விட, கேபிள் ஒன்று இழுத்துவிடுங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். எந்த வீட்டுக்கும் போதும். கதவு இடுக்கில் கேபிள் ஓடினால் அம்மாவுக்குப் பிடிக்காது, தெரியும். சுவர் ஓரமாக வெள்ளை கேசிங் ஒட்டினால் சம்மதிப்பார்.

கைப்பேசியில் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுபவர்களுக்கு ஒரு வரி: செட்டிங்கில் நெட்வொர்க் பூஸ்ட் என்று ஒன்று உண்டு. வைஃபை தடுமாறினால் மொபைல் டேட்டாவையும் சேர்த்துக்கொள்ளும். டேட்டா தீரும், ஆட்டம் தீராது.

“குதிக்கல, ஆனா எப்பவுமே 180”

இது நோயல்ல, தூரம். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் 10 மில்லிசெகண்ட் கட்டாயக் கூலி. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் 300 சொச்சம் கிலோமீட்டர். 10 பக்கம் கிடைப்பது இயல்பு. டோக்கியோ 5,300, எந்த மந்திரம் போட்டாலும் 53க்குக் கீழே இறங்காது, நடைமுறையில் எழுபது எண்பதைத் தாண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் 14,000க்கு மேல். 180 என்றால் அது நல்ல லைன் என்று அர்த்தம். ‘பிங் குறைப்பான்’ என்று காசு வாங்கும் செயலிகளால் பூமியைச் சுருக்க முடியாது.

ஆகவே முதலில் கேமில் எந்த வட்டார சர்வர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். வி.பி.என். ஓடிக்கொண்டிருக்கிறதா? படம் பார்க்கப் போட்டதை அணைக்க மறந்திருப்பீர்கள். நேற்று வரை 12, இன்று அதே சிங்கப்பூருக்கு 180 என்றால் பாதை சுற்றுகிறது. வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓடவிட்டால் எந்தத் தாண்டலில் (எந்த ரவுட்டரில்) எண் எகிறுகிறது என்று தெரியும். நடுவில் ஹாங்காங்கோ டோக்கியோவோ பெயர் தென்பட்டால் பாக்கெட் ஊர் சுற்றிவிட்டு வருகிறது. இப்படி இருக்கும்போது மட்டும் வி.பி.என். போட்டால் பிங் குறைய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அது வேறு பாதையில் இறங்கும்.

கடலடி கேபிள் அறுந்தாலும் இதுதான் நடக்கும். 2006 டிசம்பர் 26 அன்று தைவானுக்குத் தெற்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் வரிசையாகக் கேபிள்கள் போய், வட ஆசியா, அமெரிக்கப் பக்கமெல்லாம் இங்கே வாரக்கணக்கில் தவழ்ந்தது. கடையில் பையன்கள் வெளிநாட்டு சர்வரை விட்டுவிட்டு கடைக்குள்ளேயே ஓடும் லேன் ஆட்டத்துக்கே திரும்பினார்கள். எனக்கு நல்ல வியாபாரம். 2025 செப்டம்பரில் செங்கடலில் அறுந்தபோது ஐரோப்பிய சர்வர்களுக்குப் பாதை நீண்டது. சிங்கப்பூர் சர்வரில் ஆடுபவருக்கு அதனால் ஒன்றுமில்லை. செய்தியில் ‘கேபிள் அறுந்தது’ என்று வந்ததும் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூர் லேக்குக்கு அதைக் காரணம் காட்டாதீர்கள்.

சென்னையில் இருக்கும் மச்சானோடு ஆட வேண்டும் என்பவர்களுக்கு: சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் நேரடிக் கடலடி கேபிள்கள் உண்டு. வேலரன்டில் இரு நாடும் ஒரே ஆசிய பசிபிக் வட்டாரம். சிங்கப்பூர், மும்பை இரண்டிலும் தலா ஒரு ஆட்டம் ஆடிப்பார்த்து, இருவரின் பிங்கும் கிட்டத்தட்ட சமமாக வருவதை வையுங்கள். உங்களுக்கு மட்டும் 10 வந்து அவருக்கு 70 வந்தால் அது விளையாட்டு இல்லை.

“ஓடுறேன், ரப்பர் மாதிரி பின்னாடி இழுக்குது”

பிங் எண் நன்றாகவே இருக்கும், ஆனால் சுட்டது படாது, ஆள் இரண்டடி பின்னால் தோன்றுவான். பாக்கெட் தொலைகிறது. பெரும்பாலான துரித ஆட்டங்கள் யு.டி.பி. முறையில் ஓடுகின்றன, தொலைந்ததைத் தேடிக்கொண்டிருக்காது, அடுத்ததைப் பார்த்துப் போய்விடும். பிங் திரையை நிறுத்தினால் எத்தனை அனுப்பி எத்தனை தொலைந்தது என்று கணக்கு வரும். நூற்றுக்கு ஒன்று தொலைந்தாலே கை உணரும்.

டிரேஸ் எடுத்து, நடுவில் ஒரு தாண்டலில் மட்டும் இழப்பு, அதற்குப் பிறகு வரும் தாண்டல்களில் இல்லை என்றால் அது பொய் சாட்சி. அந்த ரவுட்டர் பதில் சொல்ல மறுக்கிறதே தவிர பாக்கெட்டைக் கடத்திவிடுகிறது. ஓரிடத்தில் தொடங்கி கடைசிவரை இழப்பு நீண்டால்தான் நிஜம். பலர் இந்தப் பொய் சாட்சியைப் படம்பிடித்து லைன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று கோபப்படுகிறார்கள்.

கேபிளில் இருந்துகொண்டே இழப்பு என்றால் விண்டோஸில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். ஒரு கிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் என்று காட்டினால் கேபிளின் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று போய்விட்டது. 100க்கு நாலு கம்பி போதும் என்பதால் அது பாதி உயிரில் ஓடுகிறது. என் வீட்டிலேயே நடந்தது. சாமி மேடைக்குப் பின்னால் ஓட்டிய கேபிளை எலி கடித்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. பிரசாதத்துக்கு வந்தது போகிற போக்கில் இதையும் ருசி பார்த்திருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் சாட்டில் மற்றவர்களைக் கேளுங்கள். பத்துப் பேரும் ஆமாம் என்றால் அது சர்வர்.

“பார்ட்டியில சேர முடியல, குரல் கேக்கல”

இது நாட் விவகாரம்: வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைக்கும் ரவுட்டரின் வேலை. எக்ஸ்பாக்ஸில் ஸ்ட்ரிக்ட், பிளேஸ்டேஷனில் டைப் 3, ஸ்விட்ச்சில் டி என்று காட்டினால் வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவைத் தட்ட முடியவில்லை என்று பொருள். ரவுட்டரில் யு.பி.என்.பி.யை (கேம் தனக்கு வேண்டிய கதவைத் தானே திறந்துகொள்ளும் வசதி) இயக்கி, ரவுட்டரையும் கன்சோலையும் மறுபடி திறந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் வீட்டில் எத்தனை ரவுட்டர் என்று எண்ணுங்கள். கம்பெனி கொடுத்தது ஒன்று, நீங்கள் வாங்கி அதன் பின்னால் மாட்டியது இன்னொன்று, இரண்டும் நாட் செய்தால் கதவுக்குள் கதவு. உங்களுடையதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது கம்பெனி பெட்டியை பிரிட்ஜ் ஆக்குங்கள். டி.எம்.இசட்.டில் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கணினிக்கு விடும் அமைப்பு) கணினியை வைக்கச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள். அது கதவைச் சரிசெய்வதில்லை, கழற்றி வைப்பது.

“நான் வெச்ச மைன்கிராஃப்ட் சர்வருக்குள்ள யாராலயும் வர முடியல”

ஜாவா பதிப்பு என்றால் டி.சி.பி. 25565, பெட்ராக் என்றால் யு.டி.பி. 19132. ரவுட்டரில் அந்த எண்ணுள்ள துளையை (போர்ட்) உங்கள் கணினியின் உள்முகவரிக்குத் திருப்ப வேண்டும்; அந்த உள்முகவரி நாளைக்கு மாறிவிடாதபடி ரவுட்டரிலேயே ஒதுக்கியும் வைக்க வேண்டும். வீட்டிலேயே இருக்கும் தங்கை மட்டும் சேர முடியவில்லை என்றால் அவளுக்கு வெளிமுகவரி வேண்டாம், 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கொடுங்கள். பல ரவுட்டர்களுக்கு வெளியே போய் உள்ளேயே திரும்பி வரத் தெரியாது.

எல்லாம் செய்தும் வரவில்லையா? ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால், கம்பெனி பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த எண் வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். ஒரே தபால் பெட்டியை மாடி முழுக்கப் பங்கு போட்டதுபோல. உங்கள் வீட்டுக்குள் எத்தனை துளை திறந்தாலும் பயனில்லை. பொதுமுகவரி தர முடியுமா என்று கம்பெனியைக் கேளுங்கள். இல்லையென்றால் டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற தனி வலை மென்பொருள் ஒன்றை எல்லா நண்பர்களின் கணினியிலும் போட்டு, ஒரே வீட்டு லேன் போல ஆடலாம். மொபைல் டேட்டாவில் சர்வர் நடத்த நினைத்திருந்தால் அந்த நினைப்பை விடுங்கள்.

லைன் கம்பெனிக்கு ஃபோன் செய்யும்போது

‘கேம் லேக்’ என்ற வார்த்தையை எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்தால் ‘ரவுட்டரை ரீசெட் பண்ணுங்க’ என்ற பதிலோடு வைத்துவிடுவார்கள். கேபிளில் அளந்தது, இத்தனை நாள், இத்தனை மணிக்கு, ரவுட்டருக்கு 1, வெளியே இத்தனை, இழப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்கி அந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஃபைபர் என்றால் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு என்ன என்று கேளுங்கள். மைனஸ் 27 டெசிபெல்-மில்லிவாட்டைத் தாண்டிக் கீழே போனால் அவர்களே ஆள் அனுப்ப வேண்டியதுதான். கம்பெனி மசியவில்லை என்றால், அந்தப் புகார் எண்ணோடு தகவல் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் புகார் தளத்துக்குப் போகலாம். கம்பெனியிடம் முதலில் சொல்லாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

போன வாரம் ராத்திரி பதினொன்றுக்கு அதே பையன் ஃபோன் செய்தான்.

“அண்ணே, ரவுட்டர் 1. வெளிய 9. கேம்ல மட்டும் 240. ஹாட்ஸ்பாட்லயும் 240தான். டீம்ல அஞ்சு பேருக்கும் அதேதானாம்.”

“அப்ப சர்வர்தாண்டா. போய்த் தூங்கு.”